நனைந்த சட்டை

இடுப்பில் கட்டும் புதுச் சாரனின் கஞ்சி மணம் பட்டால், மருதமுனையில் இப்போது இல்லாத எங்கள் தறிக்கொட்டிலும், தறிச் சத்தத்தில் பேச்சுக் கேட்காததால் எல்லோரும் கைகளாலேயே கதைத்துக்கொண்டதும் நினைவுக்கு வரும்.

கடலுக்குப் போன சாச்சா திரும்பாதிருந்த ஒரு பகல், தறியிலிருந்த அவர் மனைவி சாச்சி வாசலைப் பார்த்துச் சிரித்தாள். ‘எப்ப வந்தீங்க?’ என்று கையை விரித்தாள். பிறகு தன் சட்டையைப் பிழிவதுபோல் காட்டி, ‘ஏன் நனைஞ்சிருக்கு?’ என்றாள். வாசலில் வெயில் மட்டுமே இருந்தது.

“ஆரோட கதைக்கிறீங்க சாச்சி?” என்று காதருகே கத்தினேன்.

“உன்ட சாச்சாதான் புள்ள. பசிக்குதாம்.”

அஸர் தொழுகைக்குப் பிறகு, கரையொதுங்கிய சாச்சாவின் ஜனாஸாவைக் கொண்டுவந்தார்கள். வீடே அழுதது. சாச்சி மட்டும் அழாமல், வாசலைப் பார்த்து, ‘நில்லுங்க, நானும் வாறன்’ என்று சைகை காட்டினாள்.

ஓடிப்போய் அந்தக் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டேன்.