கோணலாகவே கட்டுங்க, டாக்டர்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் முன்பல் பாதி உடைந்துபோனது. மந்தைவெளியிலிருந்து தி.நகருக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பாண்டி பஜார் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் ரிசப்ஷன், எங்கள் மெல்லிசைக் குழுவின் கச்சேரி. உட்கார இடமில்லை. டிரம்பெட் பெட்டியைக் கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு நின்றிருந்தேன். சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே வந்துவிட, டிரைவர் பிரேக் அடித்தார். பெட்டி சாய்கிறதே என்று நான் குனிந்ததும் முன் சீட்டின் இரும்புக் கம்பி வந்து வாயில் இடித்ததும் ஒரே நேரத்தில் நடந்தன.

பெட்டியைத்தான் முதலில் திறந்து பார்த்தேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் நின்ற அம்மா, "ஐயோ, வாயிலே ரத்தம் சார்!" என்று தன் முந்தானையைக் கொடுக்க வந்த பிறகுதான் நாக்கால் துழாவினேன். இடது முன்பல் இருந்த இடத்தில் கூராக ஏதோ குத்தியது.

அன்றைக்கு மண்டபத்துக்குப் போனேன், ஆனால் வாசிக்கவில்லை. கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். என் பகுதி வந்த இடங்களில் எல்லாம் எங்கள் கீபோர்டுக்காரர் ஒரு பட்டனை அமுக்கி டிரம்பெட் சத்தத்தை வரவழைத்து வாசித்தார். கூட்டத்தில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பல்வலியைவிட அது அதிகமாக வலித்தது.

பகலில் நான் இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. டிரம்பெட் பள்ளிக்கூட பேண்டில் கைக்கு வந்தது, அதன் பிறகு விடவில்லை. அந்தப் பல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். அது சிறு வயதிலிருந்தே கோணல். மற்றப் பற்களைவிட முன்னால் துருத்திக்கொண்டு, ஒரு ஓரம் உள்ளே திரும்பியிருக்கும். பள்ளியில் என்னைத் "தேங்காத்துருவி" என்பார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டே சிரிக்கப் பழகிவிட்டேன். என் கல்யாண ஆல்பத்தில் எல்லாரும் பல் தெரியச் சிரிக்க, மாப்பிள்ளை மட்டும் ஏதோ யோசனையில் இருக்கிற மாதிரி நிற்பேன்.

லஸ் அருகே மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஒரு பல் டாக்டர் இருந்தார். நாற்பது வயதுக்காரர், மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். நரம்பை எடுத்து, வேரைச் சுத்தம் செய்து, மேலே கேப் போடவேண்டும் என்றார். அச்சு எடுக்கும்போது அவரே கேட்டார். "உடைஞ்சது உடைஞ்சுடுத்து. புதுசை வரிசையா, நேரா கட்டிடட்டுமா? பார்க்க லட்சணமா இருக்கும்."

வாயில் அச்சு மாவு இருந்ததால் பேச முடியவில்லை. வேகமாகத் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலில் இருபது வருட ஆசை இருந்தது.

கேப் போட்ட அன்று கண்ணாடியில் வேறு ஒரு ஆள் தெரிந்தான். வீட்டுக்கு வந்ததும் என் மனைவியைப் பார்த்துச் சிரித்தேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "இன்னொரு தடவை சிரிங்க" என்றாள். அடுத்த நான்கைந்து நாள் ஆபீசில் எதற்கெடுத்தாலும் சிரித்தேன். லீவு லெட்டர் கொண்டுவந்தவர்களைப் பார்த்துக்கூட. மேனேஜர், "ப்ரமோஷன் வந்துடுச்சா?" என்று கேட்டார்.

வாசிக்கக்கூடாது என்று டாக்டர் சொன்ன பத்து நாள் கழிந்ததும் டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போனேன். குடியிருப்பில் விடிகாலையில் வாசித்தால் மேல்வீட்டிலிருந்து தட்டுவார்கள். அதனால் ஆபீசுக்கு முன்னால் கடற்கரைதான் எனக்குப் பயிற்சி இடம். அங்கே குப்பத்தில் பிறந்த என் நண்பன் வருவான். எங்கள் குழுவில் டிராம்போன் வாசிப்பவன். அவன் குடும்பத்தில் மற்ற எல்லாருக்கும் மீன்தான் பிழைப்பு. இவன் மட்டும் கோயில் பேண்டில் ஆரம்பித்து, துறைமுகத்தில் வேலைக்குப் போய், வாத்தியத்தை விடாமல் வைத்திருந்தான். கடல் உப்பு வால்வில் இறங்கிவிடும் என்று, கடலுக்கு முதுகைக் காட்டி, படகு மறைவில் உட்கார்ந்துதான் வாசிப்போம்.

மவுத்பீஸை உதட்டில் வைத்து ஊதினேன். காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினேன். ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் வந்து நின்றது.

"இன்னா மச்சி, பஞ்சரா?" என்றான் நண்பன்.

"பத்து நாள் வாசிக்கலை இல்ல, அதான்."

"பத்து நாள்ல இப்படி ஆவாது. மவுத்பீஸ் வழுக்கினு போவுது பாரு."

அவன் சொன்னது சரி. பதினைந்து வருடமாக என் மவுத்பீஸ் அந்தக் கோணல் பல்லின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. எனக்கே அது தெரியாது. அந்தத் துருத்தல்தான் உதட்டுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்திருக்கிறது. இப்போது பற்கள் சுவர் மாதிரி சமமாக நிற்க, வாத்தியத்துக்கு உட்கார இடமில்லை. நான் விடவில்லை. இன்னும் அழுத்தினேன். கீழ் ஸ்வரங்கள் எப்படியோ வந்தன. மேல் ஸ்தாயிக்குப் போனதும் உதடு கிழிந்தது.

நண்பன் வாத்தியத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். "அழுத்துனா சத்தம் வராது நைனா. வலிக்குதுன்னா கீழ வச்சிடு. ஒதடு போச்சுன்னா கடையில கெடைக்காது."

இரண்டு வாரம் பார்த்தேன். வேறு மவுத்பீஸ் வாங்கினேன், விளிம்பு அகலமானது. கோணத்தை மாற்றிப் பார்த்தேன், வலப்பக்கம் நகர்த்திப் பார்த்தேன். எதுவும் உதவவில்லை. ஒரு நாள் பாத்ரூமில் ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் டிரம்பெட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். பிஸ்டன் மூன்றையும் கழற்றித் துணியில் வரிசையாக வைத்திருந்தேன். வாசிக்காத வாத்தியத்துக்கு எதற்கு இந்தக் குளியல் என்று தோன்றியதும் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி கதவருகே வந்து நின்றாள். "பழைய பல்லையே வச்சுக்க முடியாதா?" என்று அவளாகவே கேட்டாள்.

"உனக்கு இந்தச் சிரிப்பு பிடிச்சிருக்கே."

"பிடிச்சிருக்கு. ஆனா ரெண்டு வாரமா நீங்க சிரிக்கவே இல்லையே."

மறுநாள் டிரம்பெட்டோடு டாக்டரின் மாடி ஏறினேன். டாக்டர் கேப்பை நன்றாகச் சோதித்தார். "பல் சரியாத்தான் இருக்கு. கடிக்கிறப்போ வலிக்கறதா?"

"இல்லை டாக்டர். வாசிக்க வரலை."

அவருக்குப் புரியவில்லை. "எங்கே, வாசிங்கோ பார்ப்போம்" என்றார். அந்த நாற்காலியிலேயே சாய்ந்து, தலைக்கு மேலே விளக்கு எரிய, ஊதினேன். வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்தார். டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, என் முகத்துக்குப் பக்கவாட்டில் குனிந்து, மவுத்பீஸ் எங்கே உட்காருகிறது, எங்கே நழுவுகிறது என்று பார்த்தார். கீழுதட்டையும் மேலுதட்டையும் மடித்து உள்பக்கம் தடவினார். மேலுதட்டின் உள்ளே ஒரு இடத்தில் தோல் காய்த்திருந்தது. "இது எத்தனை வருஷத்துக் காய்ப்பு!" என்றார்.

"பழையபடி கோணலாகவே கட்டிடுங்க, டாக்டர்."

அவர் முகத்தில் சிரிப்பு வந்து, உடனே போய்விட்டது. "எல்லாரும் நேராக்கத்தான் என்கிட்டே வரா. நான் ரொம்ப ஆசையா பண்ணின பல் அது, தெரியுமோ?" என்றார். என் பழைய கார்டைத் தேடி எடுத்துப் பார்த்தார். பிறகு, "முதல்லேயே உங்க தொழிலைக் கேட்டிருக்கணும். இன்சூரன்ஸ்னு எழுதியிருந்தேள். தப்பு என்னோடதும்தான்" என்றார்.

ஆனால் பழைய கோணல் எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்? உடைந்த பல்லிலிருந்து அளவு எடுத்து வைக்கவில்லை. ஆல்பத்தைக் கொண்டுபோனேன். டாக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு படத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கவேண்டுமே.

"ஆத்துக்காரிக்கு ஞாபகம் இருக்குமோ?" என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை மனைவியும் வந்தாள். டாக்டர் அந்த அழகான கேப்பை வெட்டி எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் மாதிரி ஒன்றில் தற்காலிகப் பல் செய்து பொருத்தினார். மனைவி நாற்காலிக்கு எதிரே நின்று பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் வெளியே இருக்கும் டாக்டர்."

டாக்டர் கழற்றி, ஒட்டவைத்து, மறுபடி மாட்டினார்.

"இந்த ஓரம் உள்ளே திரும்பணும். அவ்வளவு இல்லை. சாதம் சாப்பிடறப்போ ஒரு பருக்கை எப்பவும் அங்கே ஒட்டும், அந்த அளவு."

ஒன்பது வருடம் எதிரே உட்கார்ந்து பரிமாறியவள். நான் ஊருக்கெல்லாம் மறைத்துவைத்த ஒன்றை, ஒருத்தி இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்து வைத்திருக்கிறாள். வாயைத் திறந்தபடி படுத்திருந்த எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. டாக்டர் வலிக்கிறதென்று நினைத்து மெஷினை நிறுத்தினார்.

அப்படியே மூன்று தடவை போனோம். டாக்டர் ராவுவார், நான் ஊதுவேன், அவர் மறுபடி ராவுவார். மூன்றாவது முறை மவுத்பீஸ் தானாகப் போய் ஒரு இடத்தில் நின்றது. நீளமாக ஒரு ஸ்வரம், நடுங்காமல் வந்தது. டாக்டர் கையிலிருந்த கருவியைத் தட்டில் போட்டுவிட்டு, "அப்பா!" என்றார். கீழே மருந்துக்கடைக்காரர் மேலே வந்து என்ன விசேஷம் என்று கேட்டார். அந்த வடிவத்துக்கே நிஜமான கேப் செய்து மாட்டினார்கள்.

பல் சரியானதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். உதடு மறந்துபோயிருந்தது. இங்கேதான் நண்பன் பிடிவாதமாக நின்றான். முதல் வாரம் வெறும் மவுத்பீஸ் மட்டும். ஐந்து நிமிடம் ஊதினால் ஐந்து நிமிடம் சும்மா இருக்கவேண்டும். இரண்டாவது வாரம் கீழ் ஸ்வரங்கள், அதுவும் மெதுவாக. களைப்பு வருமுன்னே நிறுத்திவிடவேண்டும். நான் ஒரு ஸ்வரம் மேலே தாவினாலும் மணலை அள்ளி என் காலில் போடுவான். டிரம்பெட்டை உள்ளங்கையில் வைத்து, விரல்களால் பிடிக்காமல் ஊதச் சொன்னான். பிடிக்காவிட்டால் உதட்டில் அழுத்த முடியாது. பதினைந்து வருடமாக நான் கை பலத்தால் மேல் ஸ்தாயியைப் பிடித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. காற்றால் பிடிக்கவேண்டியதை.

வீட்டில் மனைவி தன் பங்குக்குச் சட்டம் போட்டாள். கச்சேரி அன்று முறுக்கும் மிளகாய் பஜ்ஜியும் கிடையாது. சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்காமல் வாத்தியத்தைத் தொடக்கூடாது. உதட்டுக்குத் தேங்காயெண்ணெய் வாசித்து முடித்த பிறகுதான், முன்னால் தடவினால் வழுக்கும். மழைக்காலம் முழுக்க இப்படிப் போயிற்று. படகு மறைவில் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து ஒரே ஸ்வரத்தை நீட்டிக்கொண்டிருந்த அந்தக் காலைகள் இப்போது நினைத்தால் என் வாழ்க்கையின் நல்ல காலைகளாகத் தோன்றுகின்றன. ஈர மணல் வாசனை, கரையேறும் கட்டுமரங்கள், நண்பனின் அக்கா தூக்குவாளியில் அனுப்பும் சுக்குக் காப்பி. அன்றைக்கு எனக்கு அவசரம் மட்டும்தான் இருந்தது.

தை பிறந்து வடபழனியில் ஒரு ரிசப்ஷன். முதல் பாட்டே டிரம்பெட்டின் ஒரு மேல் ஸ்வரத்தில் தொடங்கும். கீபோர்டுக்காரர் என்னைப் பார்த்து, "நான் ரெடியா இருக்கட்டுமா?" என்று கேட்டார். அவர் நல்ல மனதோடுதான் கேட்டார். "வேணாம்" என்றேன். மூச்சை இழுத்தேன். கையைத் தளர்த்தினேன். அந்த மேல் ஸ்வரம் வந்தது. முன்பு மாதிரி கத்தி போலப் பாயவில்லை. கொஞ்சம் உருண்டையாக, கொஞ்சம் கனிவாக வந்தது. எனக்கு அது புதுக் குரல். பக்கத்தில் டிராம்போனைத் தூக்கிய நண்பன் தன் ஸ்வரத்தை ஒரு நொடி தவறவிட்டான். அவன் அப்படித் தவறவிட்டு நான் பார்த்ததே இல்லை.

அடுத்த வருடம் ஆபீசுக்குப் போன் வந்தது. பல் டாக்டர். "ஒரு நாயனக்காரர் வந்திருக்கார். ரெண்டு முன்பல் ஆடறது. எடுத்துட்டுக் கட்டணும். உங்களுக்கு ஆன மாதிரி ஆகாம, முதல்லேயே வாசிக்கச் சொல்லலாம்னு பார்த்தேன். ஆனா எதைக் கேக்கணும்னு எனக்குத் தெரியலை. கொஞ்சம் வரேளா?"

பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் கூச்சத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சீவாளி உதட்டில் எங்கே நிற்கும், எந்தப் பல்லில் படும், எவ்வளவு நேரத்தில் வலிக்கத் தொடங்கும் என்று கேட்டேன். டாக்டர் எழுதிக்கொண்டார். பல்லை எடுப்பதற்கு முன்பே அச்சும் எடுத்தார். பிறகு பெரியவர் நாயனத்தை எடுத்துத் தோடியில் ஒரு பிடி பிடித்தார். அந்தச் சின்ன அறை தாங்கவில்லை. கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. கீழே தெருவில் ஆட்டோக்கள் வேகம் குறைத்தன. எந்த வீட்டில் கல்யாணம் என்று இரண்டு பெண்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

டாக்டர் பேனாவை மூடாமல், கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.