கெட்டிக்காரி என்று சொல்லாமல்

எனக்கு எழுபது வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றவை, இரண்டு என் தங்கை விட்டுப்போனவை. ஏழு பேரும் ஆளாகிவிட்டார்கள். ஒருவரும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனபடியால், உரும்பிராயில் எங்கள் ஒழுங்கைக்குள் திறந்த பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில், "வேலைக்கு வாங்கோ அம்மா, ஆனால் பயிற்சி எடுக்கவேணும்" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கா பயிற்சி?

பயிற்சி தரும் ரீச்சர் என் கடைசி மகளிலும் சின்னவர். கிழமைக்கு ஒருதரம், பிள்ளைகளோடு என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து எழுத்தாகத்தான் வரும். பரவாயில்லை, எனக்கு அவசரம் ஒன்றுமில்லை. இந்தக் கிழமை நான் எழுதுவது ஒரு நாலு வயதுப் பெட்டையைப் பற்றி.

அவளுடைய தாய்க்கு யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக்கடையில் வேலை. காலையில் பஸ்சுக்கு ஓடும் அவசரத்தில் பிள்ளையை இறக்கிவிட்டுப் போவாள். பிள்ளை அழாது. நேரே வேப்பமரத்தடிக்குப் போய்ச் செம்மண்ணில் தேங்காய்ச் சிரட்டைகளை வைத்து ஏதாவது கட்டும். கட்டி முடிந்ததும் என்னிடம்தான் ஓடிவரும்.

"ஆச்சி, வந்து பாருங்கோ. கிணறு!"

"ஓ, பெரிய கிணறு வெட்டிக் கிழிச்சிட்டா. போய்க் கையைக் கழுவு, குரங்கு."

இது எங்கள் வீட்டுப் பேச்சு. எங்கள் பக்கத்தில் பிள்ளையை முகத்துக்கு நேரே புகழமாட்டோம். வடிவு என்றோ கெட்டிக்காரி என்றோ வாய்தவறிச் சொன்னால் கண்ணூறு நாவூறு பட்டுவிடும். பிள்ளை சாப்பிடாது, காய்ச்சல் வரும், பிறகு உப்பும் செத்தல்மிளகாயும் தலையைச் சுற்றி அடுப்பில் போடவேண்டும். அதனால் உள்ளே உருகினாலும் வெளியே குரங்கு, கழுதை என்றுதான் வரும். என் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே மடியில் ஏறுவார்கள்.

இவள் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டுத் தனியே போய் இருந்தாள். அடுத்த நாளும் கட்டினாள், என்னைக் கூப்பிடவில்லை. நான் கிட்டப் போனதும் காலால் தட்டி அழித்துவிட்டாள்.

கலைந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தாய் திரும்பி வரும்வரைக்கும் அந்தப் பிள்ளை தேடி வந்த ஒரே ஆள் நான்தான். இனி வராதோ?

ரீச்சர் இதைக் கவனித்திருக்கிறார். "ஏன் அம்மா, கெட்டிக்காரி எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் என்ன?"

"சொல்லிப்போட்டு அதுக்குக் காய்ச்சல் வந்தால் ஆர் பாக்கிறது? நீரே வந்து பாப்பீர்?"

ரீச்சர் சிரித்துவிட்டார். "எங்கடை அம்மாவும் நாவூறு கழிக்கிறவதான். சரி, புகழவேண்டாம். தான் செய்ததை நீங்கள் கண்டனீங்கள் எண்டு அதுக்குத் தெரிஞ்சால் போதும். கண்டதை மட்டும் சொல்லுங்கோ."

வீட்டுக்கு நடந்து வரும்போது அதையே யோசித்தேன். குரங்கு என்ற சொல் என் பிள்ளைகளுக்கு ஏன் இனித்தது? அவர்கள் என் மடியில் கிடந்தவர்கள். சொல் எப்படி வந்தாலும் என் கை எப்படி என்று அவர்களுக்குத் தெரியும். இந்தப் பிள்ளை வந்து கொஞ்சக் காலம்தான். இவளுக்குக் கிடைத்தது சொல் மட்டும்தான்.

மறுநாள், முழங்கால் நோவோடு, அவளுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே இருந்துவிட்டேன். அவள் அழிக்கக் காலைத் தூக்கினாள்.

"கிணத்துக்குப் பக்கத்திலை தொட்டி கட்டியிருக்கிறாய்," என்றேன். "தொட்டியிலையிருந்து வாய்க்கால் இழுத்திருக்கிறாய்."

தூக்கிய கால் அப்படியே நின்றது.

"அது வாய்க்கால் இல்லை. பைப்."

"ஓ, பைப்பே? எங்கை போகுது?"

"வெங்காயத்துக்கு." வேப்பங்காம்புகளை நிரையாக நட்டு வைத்திருந்தாள்.

"அப்ப மோட்டர் எங்கை?"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கள்தான் மோட்டர். சத்தம் போடுங்கோ, ஆச்சி."

இந்த வயதில், செம்மண்ணில் இருந்துகொண்டு, டுர்ர்ர் என்று சத்தம் போட்டேன். அவள் சிரட்டையால் தண்ணீர் வார்த்தாள். மூச்சு வாங்க நான் நிறுத்தினால் உடனே நிமிர்ந்து பார்ப்பாள். "கரண்ட் நிண்டுட்டுதோ, ஆச்சி?"

கெட்டிக்காரி என்று அவளை நான் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். ஆனால் இப்போது தாய் இறக்கிவிட்டதும் என் சீலைத் தலைப்பைப் பிடித்து மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போகிறாள்.

நாளைக்கு இதை ரீச்சரிடம் கொடுக்கவேண்டும். பேத்தியைக் கூப்பிட்டேன்.

"இஞ்சை வா மோனை. இதை ஒருக்கா எனக்கு வாசிச்சுக் காட்டு."

"எழுத்துப்பிழை கனக்கக் கிடக்கு, அம்மம்மா."

"கிடக்கட்டும். அந்தப் பெட்டையின்ரை கிணறு உனக்குக் கண்ணிலை தெரியுதோ? தெரிஞ்சால் போதும். உரத்து வாசி."