கிண்ணத்தில் கிடந்த எலுமிச்சம்பழம்

எனக்குக் கோபம் வந்தால் கண்ணு மண்ணு தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்த அத்தனைக்கும் அதுதான் காரணம், பழைய இரும்பின் மேல் பழியைப் போட நான் தயாரில்லை.

நாங்கள் குடியேறிய வெளிநாட்டு நகரத்தில், மாசி என்கிற புறநகரில் இருந்த எங்கள் வீட்டுக் கராஜில் கார் நின்றதே கிடையாது. பூட்டிய இரும்பு அலமாரியில் இரண்டு பழைய ராணுவ ரைஃபிள்களும், ஏழு இரும்புக் கிண்ணங்களும் இருந்தன. உலகப்போர்க் காலத்துக் கிண்ணங்கள். ரைஃபிள் முனையில் மாட்டிவிட்டு, உள்ளே கையெறி குண்டை வைத்துச் சுட்டால், வெடியின் வேகத்தில் குண்டு பறக்கும். என்னிடம் ஏது குண்டு? மண் அடைத்த பீன்ஸ் டின்தான். சேகரித்து வைக்க லைசென்ஸ் இருந்தது, சுட அனுமதி இல்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை, ஊருக்கு வெளியே தெரிந்தவர் ஒருவரின் பண்ணையில் சுட்டுக்கொண்டுதான் இருந்தேன். வாரம் முழுக்க ஆபீஸில் பல்லைக் காட்டிக்காட்டித் தாடை வலித்துப் போகும். சனிக்கிழமை டின் பறந்துபோய்ப் பழைய வாஷிங் மெஷினின் வயிற்றைக் கிழிக்கும்போது அந்த வலி போய்விடும். அடிப்பது எனக்குப் பிடித்திருந்தது. வெட்கமில்லாமல்தான் சொல்கிறேன்.

கூட வருகிறவன் ஒருவன்தான். பாபடோயிட்டோய் என்கிற இன்னொரு புறநகரில் இருந்த யாழ்ப்பாணத்து நண்பன். விமான நிலையத்தில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை, இருபத்தைந்து கிலோ பெட்டியைத் தலையணை போலத் தூக்கி வீசுவான். சண்டை நடந்த ஊரிலிருந்து உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தவன். எங்கட ஊரில் இதெல்லாம் எங்களுக்கு மேல் வந்து விழும், இங்கே நாங்களே விடுறம் என்று சொல்லிச் சிரிப்பான்.

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று என் மனைவி காருக்கும் லேப்டாப்புக்கும் பொட்டு வைத்தாள். நான் என் பங்குக்குக் கராஜுக்குப் போய் ரைஃபிளுக்கும் கிண்ணங்களுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். மதுரையில் எங்கள் அப்பா லேத் பட்டறையில் செய்கிற மாதிரியே, பெரிய கிண்ணத்துக்குள் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்றையும் போட்டேன். மறுநாள் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பண்ணைக்குப் போனோம். விடிந்ததிலிருந்து மழை, தரையெல்லாம் சேறு. ரைஃபிளைப் பொருத்தி வைக்கிற மரத்தாங்கியை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். தரையில் ஊன்றி, தூரத்தில் நின்று கயிற்றால் விசையை இழுத்தேன். இரண்டு தடவையும் ரைஃபிள் சறுக்கி, டின் வேலியில் போய் அடித்தது. எனக்கு மண்டை காய்ந்தது. கிண்ணத்தைக் கழற்றிப் பெரிய கிண்ணத்தை மாட்டினேன். டின் அடிவரை இறங்கவில்லை. உள்ளங்கையால் ஓங்கி ஓங்கிக் குத்தினேன்.

"இண்டைக்கு வேண்டாம் மச்சான். கிண்ணத்துக்குள்ள ஒருக்காப் பார்" என்றான்.

நான் பார்த்திருக்கலாம். அரை நிமிஷ வேலை. அதற்குப் பதிலாக, இது என்ன உங்கள் ஊர் ஷெல்லா, பயமாக இருந்தால் போய்க் காரில் உட்கார் என்று கத்தினேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. வந்து சேற்றில் முழங்காலிட்டு, ரைஃபிளைக் கிண்ணத்துக்குச் சற்றுக் கீழே வலது கையால் பிடித்துக்கொண்டான்.

"பிடி மாப்ள. விடாத" என்றேன். சொல்லிவிட்டு நான் மரத்துக்குப் பின்னால் போய்க் கயிற்றை இழுத்தேன்.

டின் பறக்கவில்லை. கிண்ணம்தான் வெடித்தது. இரும்புச் சில்லு ஒன்று என் தலைக்கு மேல் மரப்பட்டையைச் சீவிக்கொண்டு போனது. அவன் அப்படியே முழங்காலிட்டு இருந்தான். இரண்டு விரல்களைக் காணோம். உள்ளங்கை மணிக்கட்டு வரை பிளந்து வெள்ளையாக எலும்பு தெரிந்தது, பிறகுதான் ரத்தம் கொட்டியது. அவன் கத்தவேயில்லை. யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் காலடிச் சேற்றில், காய்ந்து கல்லாகிப்போன எலுமிச்சம்பழத்தின் பாதி கிடந்தது. குங்குமம்கூடப் போகவில்லை. அதை எடுத்து என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் சட்டையைக் கழற்றி அவன் கையில் சுற்றினேன். இந்த வரிசையை நான் மறக்கக் கூடாது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், டிரெய்லர் கதவு நசுக்கியது என்று சொல்லும்படி கெஞ்சினேன். என் லைசென்ஸ் போய்விடும், கேஸாகிவிடும் என்று அழுதேன். பற்களைக் கடித்துக்கொண்டு, ஓம் என்றான். கேட்டவர்களிடமெல்லாம் அப்படியே சொன்னான்.

விமான நிலையத்தில் அவனைத் திரும்ப எடுக்கவில்லை. அந்தக் கையால் ஒரு பால் கேனைக்கூடத் தூக்க முடியவில்லை. பழைய இரும்பு, ஏதோ விரிசல் இருந்திருக்கும் என்று அவனே எனக்குச் சமாதானம் சொல்வான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான்காவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் என் வீட்டுக்கு வந்தபோது, அந்தப் பாதிப் பழத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தேசிக்காயோ?" என்றான். இடது கையால் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பிறகு சுத்தியல் இருக்கிறதா என்று கேட்டான். மிச்சம் இருக்கிற ஆறு கிண்ணங்களையும் வெளியே கொண்டுவரச் சொன்னான்.

டிரைவ்வேயில் நான் குத்தவைத்து உட்கார்ந்து கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ள, அவன் பழக்கமில்லாத இடது கையால் அடித்தான். முதல் அடி என் கட்டைவிரல் ஓரத்தில் விழுந்து நகம் பிளந்தது. அவன் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. எனக்கு அது வேண்டியிருந்தது. இரும்பு ஒவ்வொன்றாகக் கோணியது. அடிக்கு அடி அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பண்ணையில் வராத சத்தம். ஐந்து முடிந்தபோது அவன் கை தளர்ந்துவிட்டது. சுத்தியல் எங்கே விழும் என்று அவனுக்கே தெரியாது.

ஆறாவதை வைத்தேன்.

"பிடி. விடாதை" என்றான்.

சுத்தியல் தலைக்கு மேலே போனது. நான் கையை இழுத்துக்கொண்டேன். கிண்ணம் உருண்டு ஓடியது. சுத்தியல் காங்கிரீட்டில் விழுந்து ஒரு சில்லு என் கன்னத்தில் தெறித்தது. அவன் மூச்சு வாங்கிக்கொண்டே என் கைகளைப் பார்த்தான். பத்து விரலும் இருந்தன.

"நான் அண்டைக்கு விடேல்லை மச்சான்" என்றான்.