ரெஜினா பார்த்த இரவு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் ஸ்டூடியோவில் யாருடையதோ ஒரு கல்யாண வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தபோது ஆல்பர்ட் கூப்பிட்டான். ரெஜினாவின் தம்பி. "அண்ணே, அக்கா போயிட்டாங்க," என்றான். செமினியில் அவன் வீட்டில் காய்ச்சலாகக் கிடந்தவள், ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறாள். தூக்கிக்கொண்டு போனபோது சளி நெஞ்சில் இறங்கிவிட்டிருந்தது. நாற்பதுகளைக்கூடத் தாண்டவில்லை. போனை வைத்த பிறகு எனக்கு அதிர்ச்சி வரவில்லை. அதுதான் தாங்கவில்லை. அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

நகரத்தின் இரவைப் பற்றி அவள் எடுத்த குறும்படங்களைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒரு சின்னக் கூடத்தில் அடங்கிவிடுவோம். அந்தச் சிலருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதன்முதலில் என்னிடம் வந்தபோது அவள் பண்டமாரானில் ஒரு லோரி கம்பெனி அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். கிள்ளான் ஆற்றுப் பாலத்தில் இரவில் எடுத்த காட்சிகளைக் கைப்பேசியில் காட்டினாள். பாலம் தெரியவில்லை. ஆறும் தெரியவில்லை. கறுப்புக்குள் விளக்குகள் மட்டும் தோன்றின, நகர்ந்தன, மறைந்தன. இதைச் சுருக்கித் தர வேண்டும் என்றாள். எனக்குக் கல்யாண வீடியோக்காரன் புத்தி. "ரொம்ப இருட்டா இருக்கே, கொஞ்சம் பிரைட் பண்ணிடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம். வெளிச்சம் ஏத்தினா அது வேற யாரோட ஊராவோ ஆயிடும்."

கலைஞர்கள் பேசும் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் அந்தப் பாலத்தின் வண்டிச் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து சேர்க்கலாம் என்று நானேதான் சொன்னேன். அப்படித் தொடங்கியது. கேமரா அவள் கையில், மைக் என் கையில்.

நடக்கும்போது என் சட்டைக்கையைப் பிடித்துக்கொள்வாள். வண்டிகளுக்குப் பயம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். துறைமுகம் போகும் சாலையில் ஒருநாள், நான் மைக்கைச் சரி செய்த நேரத்தில், மூடியில்லாத லொங்காங்கில் கால் விட்டு விழுந்தாள். வடிகால் அவ்வளவு அகலம், பக்கத்திலேயே தெருவிளக்கு. அவளுக்கு அது தெரியவே இல்லை. கிளினிக்கில் கணுக்கால் வீங்கி உட்கார்ந்திருந்தபோதுதான் சொன்னாள்.

"சின்ன வயசுலேர்ந்தே ராத்திரில எனக்குக் கண்ணு தெரியாது. லைட்டு தெரியும். லைட்டுக்கும் லைட்டுக்கும் நடுவுல ஒண்ணும் இருக்காது."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"பகல்லயும் போயிடுமாம். ஓரத்துலேர்ந்து உள்ள வருமாம். மருந்து இல்ல லா."

அதுவரை அவள் படங்களைப் பரிசோதனை முயற்சி என்றே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளோ கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே எடுத்து வைத்திருந்தாள். எதற்காக இவ்வளவு கஷ்டப்படுகிறாய் என்று கேட்டேன். "நான் பாக்கறத ஒருத்தராச்சும் பாக்கணும். வேற என்னா?" என்றாள்.

கோலாலம்பூரில் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்த திரையிடலுக்கு உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். படம் முடிந்ததும் பெரியவர் ஒருவர் எழுந்து, காட்சியிலிருந்து பொருள்களையே துறந்துவிட்ட துணிச்சல் என்று வெகுநேரம் பாராட்டினார். ரெஜினா மைக்கை வாங்கினாள். "துணிச்சல்லாம் இல்ல அங்கிள். எனக்கு இவ்ளோதான் தெரியுது," என்றாள். தன்னடக்கத்தில் வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று கூடம் முழுக்கச் சிரித்தது, கைதட்டியது. அதன்பிறகு அவள் எந்தத் திரையிடலுக்கும் படம் அனுப்பவில்லை.

டாக்டர் சொன்னபடியே நடந்தது. கம்ப்யூட்டர் திரையின் ஓரங்கள் மறைந்தன, வேலை போனது, ஆல்பர்ட் செமினிக்கு அழைத்துக்கொண்டு போனான். நல்ல வீடு, நல்ல தம்பி. ஆனால் அவளுக்கு ஒரு அறையும் தலைக்கு மேல் சுற்றும் ஒரு காற்றாடியும்தான் மிஞ்சின. ஒரு படம் பாக்கி இருக்கிறது என்று எனக்குப் போன் செய்தாள். இரவில் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயிலின் ஜன்னல். நான் எடுக்க வேண்டும். பார்ப்பதைப் போனில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். எங்கே வெட்டுவது என்று அவள் சொல்வாள்.

நான் சொல்ல ஆரம்பித்தேன். பிளாட்பாரத்துத் தூண், வேலி, அதன் மேல் படர்ந்த கொடி, ஒரு தொழிற்சாலைக் கூரை.

"நீ எல்லாத்தையும் சொல்ற," என்றாள். "லைட்ட மட்டும் சொல்லு."

முயன்றேன். விளக்கைச் சொன்னால் அதன் கம்பமும் வாயில் வந்துவிட்டது. கம்பத்தைச் சொன்னால் அதன் கீழே நின்ற ஆள் வந்துவிட்டார். ஷா ஆலம் தாண்டியதும் அவளே நிறுத்தினாள்.

"போதும். உன் கண்ணு நல்லா இருக்கு. அதான் பிரச்சனை."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் தான் பார்த்த ஊர் தன்னோடு போய்விடும் என்பது அவளுக்கு அன்று உறுதியாகிவிட்டது என்று நினைக்கிறேன். பிறகு நான் செமினிக்குப் போன போதெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. அந்தக் காய்ச்சலை எதிர்க்க அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை, விருப்பம்கூட.

அடக்கத்துக்கு முன், தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் காட்ட ஒரு வீடியோ வேண்டும் என்று ஆல்பர்ட் கேட்டான். நான் பாலத்துப் படத்தைக் கொண்டுபோனேன். ஓட ஆரம்பித்ததுமே பின்வரிசையில் ஒரு ஆன்டி, "ஒண்ணும் தெரியலையேப்பா, புரொஜெக்டர் கெட்டுப்போச்சா?" என்றார்.

"படமே அப்படித்தான் ஆன்டி. அவங்க எடுத்தது."

"அப்ப வேணாம்ப்பா. அவ முகத்தப் போடு. எல்லாரும் அழுதுட்டு இருக்காங்கல்ல."

விளக்கைப் போட்டுவிட்டார்கள். பிறந்தநாள் கேக், பள்ளிக்கூட உடுப்பு, யாரோ ஒருவர் கல்யாணத்தில் பட்டுச்சேலை என்று அவள் முகம் வரிசையாக வந்தது. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் அவளைத்தான் பார்க்க விரும்பினார்கள்.

அந்தப் படங்கள் என் கணினியில் இருக்கின்றன. கேட்பவர்களுக்குத் தருகிறேன். யார் கேட்கப் போகிறார்கள் என்று தெரியவில்லை. நான் எனக்கென்று வைத்துக்கொள்வது, படத்தில் சேராமல் வெட்டி ஒதுக்கிய ஒலித்துண்டுகளைத்தான். வடிகாலில் விழுந்த நாளுக்குப் பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால், நடந்து போகும்போது அவள் கேட்பாள். நான் பதில் சொல்வேன். எல்லாத் துண்டிலும் ஏறக்குறைய அதே பேச்சுதான்.

"முன்னால ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணும் இல்ல. வா."