நாற்காலியை விட்டு எழாதவள்

இது நடந்தது. நம்புகிறவர்கள் நம்புங்கள், மற்றவர்களிடம் நான் கெஞ்சப் போவதில்லை. நடந்தது என் மனைவிக்கு. கொஞ்சம் எனக்கும். நான் வீட்டில் உட்கார்ந்து கடிகாரம் பழுது பார்ப்பவன், நேரம் சொல்வதில் எனக்குப் பிசகு வராது. அவள் பக்கத்து நேரங்கள் அவள் கைப்பட எழுதிய குறிப்பேட்டில் இருக்கின்றன. அதோடு எல்லாமே பட்டப்பகலில் நடந்தது. இருட்டில் எதையோ பார்த்து மிரண்டாள் என்று யாரும் கதை கட்டிவிட முடியாது.

அவள் நர்ஸ். அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையில் ஒரு வகைக் காளானிலிருந்து எடுத்த மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். எந்த மருந்துக்கும் மசியாத மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஒரே ஒரு மாத்திரை. விழுங்கினால் சில மணி நேரத்துக்கு ‘நான்’ என்கிற நினைப்பே கரைந்துபோகும் என்பார்கள். சிலருக்குச் சுவர் மூச்சு விடும், சிலரிடம் செத்தவர்கள் வந்து பேசுவார்கள். கட்டில் பக்கத்து நாற்காலியில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருப்பது என் மனைவியின் வேலை. கால் மணிக்கு ஒரு தரம் நாடி பார்க்க வேண்டும், நோயாளி பேசுவதை அப்படியே எழுத வேண்டும். என்ன ஆனாலும் அவரைத் தனியே விட்டு எழக் கூடாது. இதற்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவள் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் கிரேன் வைத்துத்தான் தூக்க வேண்டும்.

அன்றைய நோயாளி ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர், சாதுவான மனிதர். அவள் கதவை உள்ளே தாழிட்டாள். 9.10க்கு அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். கண்ணைக் கட்டி, காதில் இசையை மாட்டி, மல்லாந்து படுத்தார். ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை.

10.25. “இப்ப பேனாவை மூடுறேன்,” என்றார்.

அவள் அப்போதுதான் பேனாவை மூடியிருந்தாள். சத்தம் கேட்டிருக்கும் என்று நினைத்தாள். ஆனால் அவர் காதில் இசை ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் எழுதிக்கொண்டாள்.

10.40. “கால் மேல கால் போடுறேன். கழுத்துல அரிக்குது.” அவள் அப்போது செய்ததும் உணர்ந்ததும் அதேதான்.

11.05க்கு அவர் முந்த ஆரம்பித்தார். “தண்ணி குடிக்கிறேன்” என்றார். அவளுக்குத் தாகமே இல்லை. குனிந்து பார்த்தால் அவள் கை பாட்டிலைத் திறந்துகொண்டிருக்கிறது. வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. மூடியைத் திருகி, பாட்டிலை ணங்கென்று கீழே வைத்தாள். அன்று வேலை முடியும்வரை ஒரு சொட்டு குடிக்கவில்லை.

11.50. “வராந்தாவுல நடக்குறேன்...”

வெளியே செருப்புச் சத்தம். சரக்... சரக்... அவள் நடந்தால் வலது செருப்பு கொஞ்சம் இழுபடும். அதே இழுப்பு.

டொக்... டொக்...

“யாரு?”

“நான்தான்.”

அவளுடைய குரல்.

கட்டிலில் இருந்தவர் முகத்தை அவள் பக்கம் திருப்பினார். கண்கட்டு அப்படியே இருந்தது.

“எழுந்திரு. அது என் நாற்காலி.”

அழைப்பு மணியை அழுத்தினாள். மணி அடிக்கவில்லை.

கதவின் கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது...

அவள் கால்கள் தானாக எழப் பார்த்தன. இரண்டு கையாலும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“மாட்டேன்,” என்றாள். “நான் உட்கார்ந்திருக்கேன்ல? அப்ப இது என்னோடது. நீ வேணும்னா வெளியவே நில்லு.”

12.05...

12.15...

12.20. கைப்பிடி மேலே போனது.

“சரி,” என்றார் ரயில் ஓட்டுநர். “நான் வேற இடத்துல போய் உட்கார்ந்துக்கிறேன்.”

பிறகு குறட்டை விட்டார்.

மாலை நாலரைக்கு, சோதனையை நடத்தும் டாக்டரம்மா குறிப்பேட்டை இரண்டு முறை படித்தார். அந்தச் சோதனையில் பாதிப் பேருக்குத்தான் மருந்து, மீதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது டாக்டருக்கும் தெரியாது, நர்சுக்கும் தெரியாது. ஒட்டிய உறைக்குள் எழுதி வைத்திருப்பார்கள். டாக்டரம்மா உறையைக் கிழித்தார். ரயில் ஓட்டுநர் விழுங்கியது மாவு.

6.15க்கு வீட்டுக்கு வந்து இத்தனையையும் என்னிடம் சொன்னாள். நான் எதிரே இருந்த காலி நாற்காலியையே பார்த்தேன். நம்பவில்லையா என்று முறைத்தாள்.

“நம்புறேன்,” என்றேன். “மத்தியானம் 12.50க்கு நீ இங்க வந்தே.”

“யாரு கதவைத் திறந்தது?”

“நீயேதான். சாவி போட்டு.”

வந்தவள் எனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் சொன்ன ஒரு மொக்கை ஜோக்குக்கு வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். 1.30க்கு எழுந்து போனாள்.

என் மனைவி தன் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். வீட்டுக்கு மொத்தமே இரண்டு சாவி, இன்னொன்று ஆணியில் தொங்கியது. மதியம் அது உட்கார்ந்த நாற்காலி எது என்று கேட்டாள். காட்டினேன். நேரே போய் அதிலேயே உட்கார்ந்தாள்.

எனக்கு அந்தத் தைரியம் இல்லை. கல்யாணத்தன்று நான் உன்னிடம் முதன்முதலாக என்ன சொன்னேன் என்று மெல்லக் கேட்டேன். அது எங்கள் இருவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

“பரீட்சை வைக்கிறீங்களா?” என்றாள். “ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டேன். நான்தான் நான். இதுக்கு யார்கிட்டயும் சான்றிதழ் வாங்குற பழக்கம் எனக்கில்ல.”

மறுநாள் பூட்டை மாற்றினோம். அவள் வழக்கம்போல வேலைக்குப் போனாள், அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்னும் அங்கேதான் உட்காருகிறாள்.

ஒன்றை மட்டும் அவளிடம் நான் சொல்லவில்லை. மதியம் வந்தவளிடம் நான் எதுவுமே கேட்கவில்லை. ஆனால் கிளம்பும்போது கதவருகே நின்று, கல்யாணத்தன்று நான் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள்.