பின்கதவில் ஓர் ஓட்டை

புதுச்சேரி பெரிய மார்க்கெட் ஓரம் வண்டி நிற்கிறது. பழைய வேனை வீடாக்கி ஊர் சுற்றுகிறவன் நான். எந்த மெக்கானிக்கையும் நம்பாமல் பக்கவாட்டு ஜன்னலில் ஏசியையும், பின்கதவில் சி.எஃப்.எல். விளக்கையும் நானே மாட்டியிருக்கிறேன். ஜெனரேட்டர் உறுமுகிறது, ஏசி ஓடுகிறது, எனக்கு வேர்த்து ஊற்றுகிறது. விளக்குக்கு ஒயர் இழுக்க நான் போட்ட ஓட்டையில் பூனை நுழையலாம். குளிர் அத்தனையும் அந்த வழியாகத் தெருவுக்குப் போகிறது.

அடைப்பதற்குத் தெர்மாகோலோடு இறங்குகிறேன். ஓட்டைக்கு நேர்கீழே, மல்லிக் கூடையோடு ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருக்கிறார்.

"அண்ணா, அடச்சிடாதீங்க. காலையிலேந்து பூ வாடவே இல்ல."

"உள்ள நான் வாடறேன்மா."

"உங்கள யாரு வாங்கப் போறா?"

தெர்மாகோலை வண்டிக்குள் வீசுகிறேன். அவர் அண்ணாந்து விளக்கைப் பார்க்கிறார்.

"சாயங்கால யாவாரத்துக்கு அதையும் கொஞ்சம் கூடைப் பக்கம் திருப்பி வுட்டுடுங்க."