ஜெனரல் மாமாவின் விசாரணை

ஒரு நாட்டையே ஆட்டிப் படைத்த ராணுவ ஆட்சியை எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தி நாங்கள் விசாரித்தோம். எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். நான்தான் நீதிபதி. அப்பாவின் கறுப்பு மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டேன். அது பாதம் வரை தொங்கியது. அந்த அலங்காரத்தில் எனக்கு இருந்த பெருமை, நிஜ நீதிபதிக்குக்கூட இருந்திருக்காது.

நெல்லியாளத்துக்கு மேலே, தேயிலைக்கு நடுவே ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளின் வரிசையை லயம் என்போம். எங்கள் லயத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிலோன் தோட்டங்களை விட்டுக் கப்பலேறி வந்தவர்கள். அரசாங்கம் கொடுத்த இலவச டிவி வந்த புதிது. எந்தப் படம் போட்டாலும், புரிந்தாலும் புரியாவிட்டாலும், வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டியதுதான் அந்த டப்பிங் படம். எங்கோ ஒரு நாட்டில் பட்டாளத்து ஜெனரல்கள் ஆட்சியைப் பிடித்து, எதிர்த்தவர்களையெல்லாம் முகத்தை மூடித் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஆட்சி போன பிறகு, காணாமல் போனவர்களின் மனைவிமாரும் தாய்மாரும் கோர்ட்டில் வந்து ஜெனரல்களைக் கேள்வி கேட்கிறார்கள்.

படத்தில் எங்கள் எல்லோரையும்விட மூழ்கிப்போனது பெரியம்மாதான். பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணன் மனைவி. சிலோனில் கலவர காலத்தில் பட்டாளம் வந்து பெரியப்பாவைப் பிடித்துக்கொண்டு போனது. அதன்பின் ஒரு தகவலும் இல்லை. எங்காவது ஒரு ஜெயிலில் இருப்பார், ஒருநாள் விடுவார்கள் என்று பெரியம்மா நம்பிக்கொண்டிருந்தார். யாராவது அவர் உயிரோடு இல்லை என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது.

“பாத்தியா, எம்புட்டு வருசம் கழிச்சு வந்து கேக்குறாளுக! நம்மளயும் ஒருநா கூப்புட்டு விசாரிப்பாங்க” என்றார் படம் முடிந்ததும்.

அடுத்த ஞாயிறு நாங்கள் கோர்ட் விளையாட்டு ஆரம்பித்தோம். ஜெனரலாக நடிக்க மாமாவைப் பிடித்து இழுத்து வந்தோம். மாமா அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், பக்கத்து வீட்டில் தனியாகப் பொங்கித் தின்றவர். லயத்தில் எந்த வீட்டுக் குழந்தை அழுதாலும் ஒரு கோணல் மூஞ்சி காட்டிச் சிரிக்கவைத்துவிடுவார். பெரியம்மாவுக்கு விறகு சுமப்பது, ரேஷன் வாங்கி வருவது எல்லாம் அவர்தான். அன்றைக்கும் பந்தாவாக மீசையை முறுக்கிக்கொண்டு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். “ஏய், ஜெனரலுக்கு டீ எங்கடா? டீ குடுக்காத கோர்ட்டுல நான் பதில் சொல்ல மாட்டேன்!” என்று அதட்டினார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

படத்தில் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார்கள். அது எங்களுக்குச் சப்பென்று இருந்தது. எங்கள் மாரியம்மன் கோயில் பஞ்சாயத்தில் திருட்டுப் புகார் வந்தால் எரிகிற சூடத்தில் கையடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய் சொன்னால் கண் அவிந்துபோகும் என்பார்கள். அதனால் சாமி மாடத்திலிருந்து ஒரு கட்டிச் சூடத்தை எடுத்து வந்து, செங்கல் மேல் வைத்துக் கொளுத்தினேன். மாமா சூடத்தைப் பார்த்ததும், “இதெல்லாம் வெளயாட்டுக்குக் கொளுத்தக் கூடாது புள்ள” என்றார். சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

பிறகு தம்பியைக் கூட்டி வந்தோம். அவன்தான் பட்டாளம் பிடித்துப்போன ஆள். படத்தில் கைதிகளின் முகத்தை முழுவதும் மூடியிருந்தார்கள். தம்பி தடுக்கி விழுந்துவிடுவானே என்று நாங்கள் உரச்சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டு அவன் தலையில் மாட்டியிருந்தோம்.

தம்பி சாக்கோடு மாமா முன்னால் போய் நின்றான். மாமா முக்காலியிலிருந்து சரிந்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார். “கழட்டு... அதக் கழட்டுடா” என்றார். நடிப்பு என்று நினைத்து நாங்கள் கைதட்டினோம்.

“ஜெனரல் அவர்களே, எத்தனை பேரைப் பிடித்தீர்கள்?” என்று கேட்டேன்.

“நான் யாரயும் புடிக்கல. சிலோன்ல பட்டாளத்துக்காரங்க என் மூஞ்சில சாக்க மாட்டி, பெரட்டுக் களத்துல நிக்க வச்சாங்க.” பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். “ஒவ்வொரு ஆளா என் முன்னாடி கூட்டிட்டு வந்தாங்க. நான் தலைய ஆட்டுனா அந்த ஆள லாரியில ஏத்திருவாங்க.”

விறகு பிளந்துகொண்டிருந்த அப்பா கோடாலியை அப்படியே விட்டுவிட்டார். பெரியம்மா வாசலுக்கு வந்தார். என்னைத் தாண்டிப் போய், சூடத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

“என் வூட்டுக்காரரு வந்தப்ப?”

“அடிச்சாங்கக்கா. பின்னந்தலையில துப்பாக்கியாலயே அடிச்சாங்க. தல ஆடிருச்சு.”

“அதுவா ஆடுச்சா, நீ ஆட்டுனியா?”

மாமா சூடத்தையே பார்த்தார். பாதி கரைந்திருந்தது. மெல்லக் கையை நீட்டி அதன் மேல் அடித்தார். சூடம் அணைந்தது.

“ஆட்டுனேன்க்கா. ஒருத்தரயாவது காட்டலன்னா ஒன்னயத்தான் சுடுவோம்னாங்க. அத்தான் என் காலப் பாத்தாரு. நாந்தான்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒத்த வார்த்த சொல்லல. அன்னிக்கே... லாரி கிட்டயே வெடிச் சத்தம் கேட்டுச்சுக்கா.”

ஐயோ, அந்த நிமிஷத்தை எப்படிச் சொல்வேன்! அப்பா பாய்ந்து வந்து மாமாவின் சட்டையைப் பிடித்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு நடுவில் விழுந்தாள். பெரியம்மா மட்டும் அழவில்லை. “விடுங்க அவன” என்றார். அப்பா விட்டுவிட்டார். பெரியம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் மாமா ஒரு பையோடு கோயம்புத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பினார். லயத்துக் கோடியில் பெரியம்மா நின்றிருந்தார். “எங்கடா போற? வந்து சாப்புடு” என்றார். மாமா அப்படியே திரும்பி வந்தார். பெரியம்மா தட்டை வைத்துச் சோறு போட்டு, அவர் எதிரில் உட்கார்ந்து, கடைசிப் பருக்கை உள்ளே போகும் வரை அவர் முகத்தையே பார்த்தார். ராத்திரியும் அப்படித்தான். அதற்குப் பிறகு மாமா தன் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவே இல்லை. வேளை தவறாமல் பெரியம்மா சோறு போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. மாமாவும் யாருக்கும் கோணல் மூஞ்சி காட்டவில்லை.

எனக்கு ஒரே சந்தோஷம். பெரியம்மா மன்னித்துவிட்டார், இல்லாவிட்டால் கூப்பிட்டு வைத்துச் சோறு போடுவாரா? வழக்கைப் பாதியில் விடக் கூடாதே என்று அடுத்த ஞாயிறு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு மாமா சாப்பிடும் இடத்துக்கே போய், “ஜெனரல் மாமா விடுதலை!” என்று தீர்ப்பைச் சொன்னேன். மாமாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. பெரியம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இன்னொரு அகப்பைச் சோற்றை அவர் தட்டில் வைத்தார். மாமா அழுதுகொண்டே அதையும் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.

“விடுதலை ஆயிருச்சுல்ல, அந்தச் சந்தோஷத்துல அழுவுறாரு” என்று தம்பியிடம் விளக்கினேன்.